எதைப் பார்த்து எழுதணும் டீச்சர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தென்காசி மாவட்டம் கடையம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து 2022 மே மாதம் ஓய்வு பெற்றவள். 1987இல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். 35 வருடமும் ஒன்று முதல் ஐந்து வரையிலான பிள்ளைகளோடுதான். கடிதம் நீண்டுவிட்டது. இடம் இருக்கிற அளவுக்கு வெளியிடுங்கள். கடைசியில் சேர்த்திருக்கும் சில வரிகளை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மாதம் ஒரு காலையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் புத்தகப் பையோடு என் வாசலில் வந்து நின்றான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் கொண்டுபோக வேண்டுமாம். அவன் அம்மா பீடி இலை வெட்ட உட்கார்ந்துவிட்டாள், அவளுக்கு எழுத வராது. “அஞ்சாங் கிளாஸ் ஆயிட்டல்லா, நீயே எழுதுலே” என்று ஒரு தாளும் பேனாவும் கொடுத்தேன். தேதி போட்டான். ‘அனுப்புநர்’ என்று எழுதி அடியில் கோடு இழுத்தான். முத்து முத்தான கையெழுத்து. ‘பெறுநர்’ எழுதினான், ‘ஐயா’ எழுதினான், நின்றுவிட்டான். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தவன் கடைசியில் கேட்டான்: “எதைப் பார்த்து எழுதணும் டீச்சர்?”

“உனக்கு என்ன செஞ்சுது, அதைச் சொல்லு” என்றேன். ஆரம்பித்தவன் நிறுத்தவேயில்லை. திங்கட்கிழமை ராத்திரி குளிர் வந்தது, அம்மா இரண்டு போர்வை போட்டும் நடுக்கம் போகவில்லை, நிலவேம்புக் கஷாயம் தந்தாள், அவள் திரும்பிய நேரம் துப்பிவிட்டான், நாய் அவன் கட்டிலுக்கு அடியை விட்டு நகரவேயில்லை. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். “இப்போ சொன்னியே, அதை அப்படியே எழுது” என்றேன். என் முகத்தைப் பார்த்தான். “அதெல்லாம் எழுதலாமா டீச்சர்?”

இந்த இரண்டு கேள்விகளும் அன்றிலிருந்து மனத்தில் கிடந்து அறுக்கின்றன.

அவன் பையிலிருந்த நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ஓரக்கோடு இழுத்து, வினா கறுப்பிலும் விடை நீலத்திலுமாக அவ்வளவு சுத்தம். அருஞ்சொற்பொருள், எதிர்ச்சொல், பிரித்து எழுதுக எல்லாம் பக்கம் பக்கமாக. ‘எங்கள் ஊர்த் திருவிழா’ என்று கட்டுரைகூட இருந்தது, முன்னுரை முடிவுரையோடு. அந்தக் கட்டுரையில் தேர் ஓடுகிறது. எங்கள் ஊரில் தேரே கிடையாது. எங்களுக்குக் கோயில் கொடை விழாதான். வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடக்கும், சாமக்கொடை முடிய விடிந்துவிடும். அந்தப் பையன் கண் கொட்டாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு சொல்கூட நோட்டுக்குள் வரவில்லை. கரும்பலகையில் இருந்த தேரை வகுப்பு முழுவதும் பார்த்து எழுதியிருக்கிறது. கீழே சிவப்பு மையில் ‘நன்று’.

எழுதிப்போட்ட ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் பல வருடம் அப்படித்தான் எழுதிப்போட்டேன். ஐந்து வருடம் பள்ளிக்கூடம் போன ஒரு பிள்ளை நோட்டு நோட்டாக எழுதியிருக்கிறான். அதில் அவனுடைய வரி ஒன்றுகூட இல்லை. இதைத்தான் தங்கள் வாசகர்களிடம், குறிப்பாகப் பெற்றோரிடமும் என்னைப் போன்ற ஆசிரியர்களிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைக்கு எழுத வருகிறதா என்று நாம் கேட்பது, பார்த்து எழுத வருகிறதா என்பதோடு நின்றுவிடுகிறது.

இது ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. முன்பு கையில் சிலேட்டு இருந்தது. ஆற்று மணலைத் தாம்பாளத்தில் பரப்பி விரலால் எழுதச் சொல்வோம். சிலேட்டைக் கோவை இலை கசக்கித் துடைப்பார்கள். பள்ளிச் சுவரை ஒட்டிப் படர்ந்திருந்த கோவைக்கொடியில் ஜூலை மாதத்துக்குள் எட்டுகிற உயரத்தில் ஒரு இலை மிஞ்சாது. ‘ட’ தப்பாகப் போனால் அழித்துவிட்டு இன்னொரு ‘ட’. ஒன்று சாயும், ஒன்று குட்டையாகும், ஒன்று சிலேட்டை விட்டே வெளியே போகும். இப்போது பிள்ளையின் கையில் கிடைப்பது புள்ளி வைத்த எழுத்து அச்சிட்ட புத்தகம். புள்ளிமேல் பென்சிலை இழுத்துக்கொண்டு போனால் பக்கம் அழகாக நிறைந்துவிடும். அதே பிள்ளையிடம் வெறும் தாளைக் கொடுத்து ‘ட’ எழுது என்றால் பென்சிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

காரணம் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. என் மகள் ஒரு ஆய்வைப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரின் ஜேம்ஸ் என்பவர் இன்னொருவருடன் சேர்ந்து செய்தது, 2012இல் வெளியானது. படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை எழுத்துகளைக் கையால் எழுதியும், கோட்டின்மேல் இழைத்தும், விசைப்பலகையில் தட்டியும் பழகவிட்டிருக்கிறார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி, மூளையைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தானாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போதுதான் வாசிப்புக்கு உரிய பகுதிகள் விழித்துக்கொண்டனவாம். இழைத்தபோதும் தட்டியபோதும் அப்படி நடக்கவில்லை. பிள்ளை தானாக எழுதும் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொண்டு வருகிறது. இத்தனை கோணலுக்குள்ளும் மாறாமல் இருக்கிற ‘ட’ எது என்பதை அந்த மனம் பிடித்துக்கொள்கிறது. அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் இதுதான். கேட்டவுடன் எனக்கு அந்தக் கோவைக்கொடிதான் ஞாபகம் வந்தது.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை நான் ஒன்று சொல்லியாக வேண்டும். விஜயதசமியன்று அரிசியில் ‘அ’ எழுதவைப்பது நம் வழக்கம், அதன் மரியாதை அதற்கு உண்டு. ஆனால் சின்ன விரலுக்கு ‘அ’வும் ‘இ’யும்தான் மிகவும் கடினம், எத்தனை சுழி, எத்தனை வளைவு! நான் ‘ட’வில் தொடங்கி ‘ப’, ‘ம’ என்று போவேன். நேர்கோடும் மூலையும் போதும், ‘ம’வுக்கு மட்டும் ஒரு சின்ன வளைவு. மூன்றாவது நாளிலேயே ‘படம்’ என்று ஒரு சொல் வந்துவிடும். ஒரு சொல்லை எழுதிவிட்டோம் என்று தெரிந்த பிள்ளையின் முகத்தை, பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உண்மையான மலையேற்றம் உகர, ஊகார வரிசையில்தான் வரும். ‘கு’வுக்கு ஒரு வளைவு, ‘து’வுக்கு வேறொன்று, ‘பு’வுக்கு இன்னொன்று. ‘கூ’வையும் ‘சூ’வையும் மாற்றிப் போடாத பிள்ளையை நான் கண்டதில்லை. 1978இல் அரசாணை வந்து தும்பிக்கை போட்ட பழைய ‘ணை’, ‘லை’ உட்பட 13 எழுத்துகள் எளிதாயின. உகர வரிசை அப்படியே நின்றுவிட்டது. அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஏற்றத்துக்குப் பிள்ளைக்குக் காலம் வேண்டும், தப்பாக எழுதிப் பார்க்க இடம் வேண்டும். செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில், பிள்ளைகளின் உயரத்துக்கு, கரும்பலகை அடித்துக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டம், மேலே அவரவர் பெயர். ஊமத்தை இலையும் கரியும் அரைத்து நானே அதற்குப் பூசியிருக்கிறேன். அந்தத் திட்டத்தில் எனக்குக் குறைகளும் உண்டு. அந்தக் கட்டம் மட்டும் பொன்னான ஏற்பாடு. அண்மையில் நான் பார்த்த சில பள்ளிகளில் அந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள்.

நான் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாவது வருடம், இடக்கையால் எழுதுகிற ஒரு பையன் இருந்தான். வலக்கையில்தான் எழுத வேண்டும் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள், நானும் செய்தேன். குச்சியைப் பிடுங்கி வலக்கையில் திணித்தேன், ஒரு நாள் இடக்கையில் அடிக்கவும் செய்தேன். மூன்று மாதத்தில் அவன் வலக்கையால் எழுதினான். எழுதினான் என்றால், கேட்டால் மட்டும். அதற்கு முன் சிலேட்டின் பின்பக்கம் மாடும் வண்டியும் வரைந்து அடியில் தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டிருந்தவன். வரைவதும் நின்றுபோயிற்று. அந்தக் கையை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பிழை சிவப்பு மை. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைக்கு வீட்டில் இருப்பது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். ‘வந்துச்சு’ என்று பேசிவிட்டு ‘வந்தது’ என்று எழுத வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு வீட்டைக் கூட்டுவது வாரியல், புத்தகத்தில் அது துடைப்பம். ஆறு வயதில் இந்த இரண்டு கரைக்கும் இடையே அவன் நீந்த வேண்டியிருக்கிறது. நாமோ நீச்சலைச் சொல்லித்தராமல், அக்கரையில் நின்றுகொண்டு சிவப்புப் பேனாவால் சுழிக்கிறோம். நான்காம் வகுப்பில் ஒரு பெண், நான் கேட்காமலே அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள், அவர்கள் வீட்டு ஆட்டைப் பற்றி. நான் பதினேழு இடத்தில் சுழித்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்ததால் எண்ணிக்கை தெரியும். மறுநாளிலிருந்து அவள் தானாக எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை. வருட முடிவில் அவள் நோட்டில் ஒரு பிழை இல்லை, ஏனென்றால் எல்லாமே கரும்பலகையைப் பார்த்து எழுதியது.

பல வருடம் கழித்துத்தான் எனக்கு ஒரு வழி தட்டுப்பட்டது. பிள்ளை எழுதியதைத் திருத்தாமல் அதன் கீழே பதில் எழுதத் தொடங்கினேன். ‘எங்க ஆடு குட்டி போட்டுச்சு’ என்று எழுதியிருந்தால், அடியில் நான் எழுதுவேன்: ‘அப்படியா! உங்கள் ஆடு எத்தனை குட்டி போட்டது?’ மறுநாள் வரும்: ‘ரெண்டு குட்டி போட்டது. ஒன்னு கருப்பு.’ பாருங்கள், ‘போட்டது’ வந்துவிட்டது. யாரும் சுழிக்கவில்லை. ‘ஒன்னு’வும் ‘ரெண்டு’ம் அடுத்த மாதம் கரையேறும். ‘தன்னீர்’, ‘பள்லி’ போன்றவற்றைத் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டு வாரம் ஒருநாள் சொல்வதை எழுதுதலில் கொடுப்பேன். அது வேறு வேளை, இது வேறு வேளை. இந்த நோட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘என் நோட்டு’. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். எதைப் பற்றியும் எழுதலாம். டீச்சரைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள்.

அந்த நோட்டுகள் என்னென்ன கொண்டுவந்தன! ‘அப்பா கேரளாவுக்கு போயிட்டாங்க, செருப்ப விட்டுட்டு போயிட்டாங்க.’ ‘ஆச்சி ராத்திரி பல்ல கழட்டி டம்ளர்ல போட்டா.’ ‘இன்னைக்கு எனக்கு பசிக்குது.’ இந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் அந்தப் பையன் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறான் என்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடம் என் எதிரில் உட்கார்ந்திருந்தவன், வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. காலை உணவுத் திட்டமெல்லாம் வராத காலம் அது.

பீடி சுற்றும் வீட்டுப் பெண் ஒருத்தி தினமும் ஒரே மாதிரி எழுதினாள். ‘அம்மா இன்னைக்கு ஆயிரம்.’ ‘அம்மா இன்னைக்கு எண்ணூறு.’ ‘அம்மாவுக்கு கை வலி, அறநூறு.’ வேறு ஏதாவது எழுதேன் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து அந்த நோட்டைக் கேட்டாள். பீடிக் கடையில் பாஸ் புத்தகத்தில் பதிந்திருந்த கணக்கு, கழிவு போகக்கூடக் குறைந்திருக்கிறது. எவ்வளவு என்று இவளால் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் மகளையும் நோட்டையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கடையில் இருந்தவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்திருக்கிறார். மறுநாள் அந்தப் பெண் நோட்டில் எழுதியிருந்தது: ‘என் நோட்ட கடையில படிச்சாங்க.’ அவ்வளவுதான். அதற்குக் கீழே என்ன பதில் எழுதுவது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்ப உள்ளே வந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அன்று என் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்றாம் வகுப்பு அறையையே பார்க்காதவர்கள். பென்சிலை விளக்குமாறு மாதிரி முஷ்டியில் பிடித்தார்கள். அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது. நான்காம் வகுப்பில்கூடத் தன் பெயரின் கடைசி எழுத்தை மறந்துவிட்டு நின்றவர்கள் இருந்தார்கள். கைப்பேசியில் பாடம் பார்த்த பிள்ளைகளுக்கு வாசிப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, பாட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கை மட்டும் வெறுமையாக இருந்தது. புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடவும், களிமண் உருட்டவும், தரையில் கோலப்புள்ளி வைக்கவும் விட்டேன். விரல் பழகியது. தாம்பாளத்து மணலை மறுபடி எடுத்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய அந்த ஏழு மாதம்தான் என் பணிக்காலத்திலேயே நான் அதிகம் கற்றுக்கொண்ட காலம். எங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சாயங்காலம் திண்ணையில் அதே வேலையைச் செய்தார்கள். அவர்களுக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவள்.

எங்கள் தெருவில் ஓர் இளம் தகப்பன் என்னிடம் கேட்டார். “டீச்சர், இனிமே யார் எழுதப் போறா? போன்ல பேசினா அதுவே தமிழ்ல அடிச்சுத் தந்துடுது.” அவர் சொல்வது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். அவருக்கு நான் ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினேன். மூன்றாம் வகுப்புப் பெண் எழுதியது. பென்சிலால் ஒரு வரி எழுதி, அழி ரப்பரால் அழித்து, மேலே வேறு எழுதியிருக்கிறாள். அழித்த தடம் தெரிகிறது. முதலில் எழுதியது: ‘நான் பொய் சொல்லவில்லை.’ அழித்துவிட்டு எழுதியது: ‘நான் கொஞ்சம் பொய் சொன்னேன்.’ வாயால் பேசியிருந்தால் முதல் வாக்கியத்தோடு முடிந்திருக்கும். தன் வாக்கியம் தன் கண் முன்னால் தாளில் கிடந்ததால் அந்த எட்டு வயதுப் பிள்ளை அதைத் திரும்பப் பார்த்தாள், சரியில்லை என்று கண்டாள், மாற்றினாள். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்தத் தகப்பன் நோட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

அரசு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. நான் ஓய்வு பெற்ற மறுமாதம். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குச் செய்ய வேண்டும் என்பது நல்ல குறிக்கோள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை அறிந்து சொல்லித்தருவதும் சரிதான். பழைய பள்ளிக்குப் போனபோது பொம்மலாட்டமும் பாட்டுமாக வகுப்பு கலகலவென்று இருந்தது, மகிழ்ந்தேன். ஆனால் பயிற்சி நூலைப் புரட்டினால் கட்டம், கோடிட்ட இடம், பொருத்துக. பிள்ளை எழுத வேண்டியது பெரும்பாலும் ஒரு சொல். தன்னுடைய ஒரு முழு வாக்கியத்துக்கு இடம் அரிதாகத்தான் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் அசர் ஆய்வின் அறிக்கை வரும்போதெல்லாம் நாம் பதறுகிறோம். அது அளப்பது வாசிப்பையும் கணக்கையும். பிள்ளை தானாக ஒரு வரி எழுதுகிறானா என்று யாரும் அளப்பதில்லை, அதனால் அது இல்லாமல் போனது யார் கண்ணிலும் படவில்லை.

ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை என்பார்கள். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசி வருடங்களில் கைப்பேசியில் விவரம் ஏற்றுவதிலேயே என் காலை நேரம் போயிற்று. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். என்னிடம் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் சேர்த்து 31 பிள்ளைகள். ஒரு வரியைப் படித்து ஒரு வரி பதில் எழுத அரை நிமிடம் என்றால் பதினாறு நிமிடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவேன். கல்வித் துறையை நான் வேண்டுவது இதுதான்: விலையில்லா நோட்டுகளோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெறும் நோட்டுக் கொடுங்கள், கோடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தினமும் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். அந்த அரை மணியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், மதிப்பெண் போடச் சொல்லாதீர்கள். பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கோனார் உரை வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால், பிள்ளை ஏதாவது கிறுக்கி வைத்திருந்தால் உட்கார்ந்து படியுங்கள். எழுத்துப்பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என்ன எழுதியிருக்கிறான் என்று முதலில் பாருங்கள்.

இனி தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் சிறுவர் பகுதியில் பிள்ளைகள் அனுப்பும் கதையும் கவிதையும் வருகின்றன. நானும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அவற்றில் பெரியவர்கள் கை பட்டிருப்பது படித்தவுடன் தெரிந்துவிடும். வாரம் ஒரு முறை, நான்கே வரி, ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளை எழுதியதை எழுதியபடியே, பிழையோடு, பேச்சோடு போட முடியுமா? அச்சில் அப்படி ஒன்று வந்தால், எழுதலாமா என்று கேட்கிற பிள்ளைக்கு நான் காட்டுவதற்கு ஒன்று இருக்கும்.

அந்தக் காய்ச்சல்காரப் பையன் அன்று என் திண்ணையில் உட்கார்ந்து எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். பள்ளிக்கு வேறொரு தாளில் முறையான விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனான், அதற்கு நான் உதவினேன். இது அவன் மட்டும் எழுதியது. உங்களுக்கு அனுப்பட்டுமா என்று அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்றான். மெய்ப்புத் திருத்துபவரிடம் சொல்லி, ஒரு எழுத்தையும் மாற்றாமல் போடுங்கள்.

‘எனக்கு திங்கக்கிழம ராத்திரி காச்சல் வந்துச்சு. அம்மா நிலவேம்பு தன்னி தந்தா. கசப்பு. நான் துப்பிட்டேன் அம்மா பாக்கல. எங்க மணி கட்டிலுக்கு கீழயே படுத்து இருந்துச்சு. சோறு வச்சாலும் திங்கல. அதுக்கும் காச்சல்னு நெனச்சேன். நான் எந்திச்சு வெளிய வந்ததும் அதுவும் வந்துச்சு. அப்பதான் தெரிஞ்சுது அதுக்கு காச்சல் இல்ல.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
கடையம் அருகே, தென்காசி மாவட்டம்.